கம்ப்யூட்டருக்குள் தண்ணீர்: பயம் வேண்டாம், கணக்குப் போதும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நான் பி.காம். பட்டதாரி. வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் என்ஜினியர் அல்ல. வரவு செலவை எழுதி, மாலையில் கணக்கு நேராகிறதா என்று பார்ப்பதுதான் என் தொழில். அந்த ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டுதான் என் வீட்டில் உள்ள, தண்ணீரால் குளிரும் கம்ப்யூட்டரை ஐந்து ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கே இருப்பவர்களில் சிலர் வீட்டிலும் இதே கதைதான். பிள்ளை ஆசைப்பட்டு வாங்கினார். கண்ணாடிக் கதவு, உள்ளே கலர் விளக்கு, தண்ணீர்க் குழாய். பிறகு வேலை கிடைத்து பெங்களூருக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டார். பெட்டி நம்மிடம் நிற்கிறது. குடும்பப் போட்டோக்கள், வருமான வரிக் கணக்கு, பேத்தியின் ஆன்லைன் வகுப்பு எல்லாம் அதில்தான். ஆனால் உள்ளே தண்ணீர் ஓடுகிறது என்ற பயத்தில் யாரும் அதைத் தொடுவதில்லை. தொடாமலே விடுவதுதான் அதற்கு வரும் பெரிய ஆபத்து. இன்றைக்கு உங்களிடம் சொல்ல வந்தது ஒன்றுதான். இந்த மெஷின் திடீரென்று கெட்டுப்போவது குறைவு. பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கெடும். சொல்வதைப் படிக்க ஒரு நோட்டும் ஒரு தெர்மாமீட்டரும் போதும்.

உள்ளே என்ன நடக்கிறது?

நாம் பேச்சு வழக்கில் சி.பி.யு. என்று சொல்லும் பெட்டிக்குள், மதர்போர்டின் மேல் தீப்பெட்டி அளவில் பிராசஸர் இருக்கிறது. கடும் வேலையில் நல்ல பிராசஸர் ஒன்று 150, 200 வாட் மின்சாரம் எடுக்கும். பழைய மாடல் சீலிங் ஃபேன் ஒன்றுக்கு ஏறக்குறைய 75 வாட். அதாவது இரண்டு மூன்று ஃபேனுக்கான மின்சாரம் முழுவதும் அந்தத் தீப்பெட்டிப் பரப்பில் சூடாக மாறுகிறது.

அந்தச் சூட்டை எடுக்க பிராசஸரின் மேல் ஒரு தாமிரத் தகடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். தகட்டின் உள்பக்கம் மயிரிழை போன்ற நெருக்கமான பள்ளங்கள். ஒரு சின்ன பம்ப் அவற்றின் வழியே தண்ணீரைத் தள்ளும். சூடான தண்ணீர் ஒரு குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போகும். அங்கே ஃபேன் காற்றில் ஆறி, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பும். கார் ரேடியேட்டர் செய்கிற அதே வேலை. இது புதுமையும் அல்ல. 1980இல் ஐ.பி.எம். அறிவித்த 3081 என்ற பெரிய கம்ப்யூட்டர் தண்ணீரால்தான் குளிர்ந்தது. 2004இல் ஆப்பிள் நிறுவனம் தன் மேஜைக் கம்ப்யூட்டர் ஒன்றிலேயே இந்த முறையைக் கொண்டுவந்தது.

வீடுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தொழிற்சாலையிலேயே தண்ணீர் நிரப்பி மூடிய ஏ.ஐ.ஓ. வகை. நம் வீடுகளில் பெரும்பாலும் இதுதான். இதில் நாம் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, ஊற்றவும் கூடாது. இரண்டாவது, தனித்தனிப் பாகமாக வாங்கிப் பூட்டிய கஸ்டம் லூப். தண்ணீர்த் தொட்டி ஒன்று கண்ணுக்குத் தெரிந்தால் அநேகமாக இந்த வகை. இதற்குத் தண்ணீர் மாற்ற வேண்டும்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். தண்ணீர் சூட்டை அழிப்பதில்லை. சுமந்துபோய் நம் அறைக்குள் இறக்கிவைக்கிறது, அவ்வளவுதான். ஆகவே அறையின் வெப்பத்துக்குக் கீழே இந்தத் தண்ணீர் ஒருநாளும் போகாது. இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது.

முதலாவது, வேர்க்கும் என்ற பயம். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளியே நீர் கோப்பதுபோல இந்தக் குழாயும் வேர்த்து மதர்போர்டில் சொட்டுமோ என்று கேட்கிறார்கள். சொட்டாது. சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்த பொருள்தான் வேர்க்கும். எனவே ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் குழாய் முனையில் ஈரம் தெரிந்தால் அது வேர்வை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். அது கசிவு.

இரண்டாவது, கம்ப்யூட்டர் காட்டும் வெப்பத்தை மட்டும் தனியாகப் பார்த்துப் பயனில்லை. ஜனவரியில் அறை 26 டிகிரி, மே மாதம் 34 டிகிரி. பிராசஸரும் 8 டிகிரி கூடத்தான் காட்டும். அது கோளாறு அல்ல, வெயில். அறை வெப்பத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்க்க வேண்டும்.

நோட்டில் என்ன எழுதுவது?

மாதம் ஒருமுறை, பத்து நிமிட வேலை. நான் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் பக்கத்தில் சுவர் தெர்மாமீட்டர் ஒன்றை வைத்து அறை வெப்பத்தைக் குறியுங்கள். கம்ப்யூட்டரைப் போட்டு, எதையும் திறக்காமல் பத்து நிமிடம் விட்டுவிட்டு பிராசஸர் வெப்பத்தைக் குறியுங்கள். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் வெப்பம் வராது. எச்.டபிள்யூ.இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் ஒன்றைப் பிள்ளைகளிடம் சொல்லிப் போட்டுக்கொள்ளுங்கள். அதிலேயே பம்ப் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதும் பெரும்பாலும் தெரியும். அதையும் எழுதுங்கள். பிறகு ஏதாவது ஒரு கனமான வேலையை 20 நிமிடம் ஓடவிட்டு மீண்டும் வெப்பத்தை எழுதுங்கள். எந்த வேலை என்பது முக்கியமில்லை. ஒவ்வொரு மாதமும் அதே வேலையாக இருக்க வேண்டும்.

உதாரணம் சொல்கிறேன். அறை 31, சும்மா இருக்கும்போது 43, வேலையில் 74. வித்தியாசம் 12, 43. இதுதான் உங்கள் வீட்டு மெஷினின் ஆரம்ப இருப்பு. அடுத்தடுத்த மாதங்களில் இந்த வித்தியாசம் இரண்டு மூன்று டிகிரி மேலும் கீழும் ஆடலாம். பத்து டிகிரி கூடிவிட்டால் காரணம் தேட வேண்டும். பக்கத்து வீட்டு எண்ணோடு ஒப்பிட வேண்டாம். அவர்கள் பிராசஸர் வேறு, பெட்டி வேறு.

ஒரு எச்சரிக்கை. 2022இல் வந்த ஏ.எம்.டி. ரைசன் 7000 போன்ற சில வரிசைகள், முழு வேலையில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. அந்த எண்ணைப் பார்த்து அலற வேண்டாம். அப்படிப்பட்ட மெஷினில் சும்மா இருக்கும்போதைய வித்தியாசத்தைக் கவனியுங்கள். முழு வேலையின்போது பிராசஸரின் வேகம் எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். குளிர்ச்சி குறைந்தால் வெப்பம் அதே 95இல் நிற்கும், வேகம்தான் இறங்கும்.

சூடு எப்படி ஏறுகிறது என்று பாருங்கள்

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க, எவ்வளவு சூடு என்பதைவிட எப்படி ஏறுகிறது என்பதே நல்ல சாட்சி. மூன்று விதம் உண்டு.

முதல் விதம், மெதுவாக ஏறுவது. வேலை தொடங்கி ஐந்து நிமிடம் நன்றாக இருக்கும். பத்து நிமிடம், அரை மணி என்று போகப் போகக் கூடிக்கொண்டே இருக்கும். இங்கே பம்ப் நன்றாக ஓடுகிறது, தண்ணீர் சூட்டைச் சுமக்கிறது, ஆனால் ரேடியேட்டரால் இறக்கிவைக்க முடியவில்லை. ஏன் இவ்வளவு நேரம்? கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க, 200 வாட்டுக்கு ஏறக்குறைய 21 விநாடி ஆகும். ரேடியேட்டரும் கொஞ்சம் வேலை செய்வதால் இன்னும் தாமதமாகும். எனவே மெதுவான ஏற்றம் என்றால் ரேடியேட்டரைப் பாருங்கள். பத்தில் ஒன்பது முறை தூசிதான். இல்லையென்றால் ஃபேன் ஒன்று நின்றிருக்கும், அல்லது பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்திருப்பார்கள்.

இரண்டாவது விதம், வேலை தொடங்கிய விநாடியே எகிறி, நிறுத்திய விநாடியே இறங்குவது. சும்மா இருக்கும்போது ஏறக்குறைய சரியாகவே இருக்கும். ரேடியேட்டரில் கை வைத்தால் லேசான சூடுகூட இருக்காது. இங்கே பிராசஸரிலிருந்து தகட்டுக்கே சூடு போய்ச் சேரவில்லை. இரண்டுக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது தகட்டின் திருகு தளர்ந்திருக்கும். கஸ்டம் லூப்பாக இருந்தால் தகட்டின் பள்ளங்கள் அடைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

மூன்றாவது விதம், சும்மா இருக்கும்போதே ஏறிக்கொண்டு போய் இறங்காமல் நிற்பது. கடைசியில் மெஷின் தானாகவே அணைந்துவிடும். தகட்டுப் பக்கக் குழாய் சுடும், ரேடியேட்டர் குளிர்ந்திருக்கும். பம்ப் ஓடவில்லை. ஓடும் மெஷினில் இரண்டு குழாய்களுக்கும் பெரிய சூட்டு வித்தியாசம் இருக்காது. ஒன்று சுட்டு ஒன்று குளிர்ந்தால் தண்ணீர் ஓட்டம் நின்றுவிட்டது என்று பொருள்.

நம் குடியிருப்பிலேயே நடந்ததைச் சொல்கிறேன். கல்லூரிக் கடைசி ஆண்டு படிக்கும் பெண்ணின் கம்ப்யூட்டர். பிராஜெக்ட் வீடியோ முழுவதும் அதில். சமர்ப்பிக்க ஒன்பது நாள் இருக்கும்போது, போட்ட சில நிமிடத்தில் அணைந்துபோக ஆரம்பித்தது. கடையில் பார்த்தவர் மதர்போர்டு போய்விட்டது, 18 ஆயிரம் ஆகும், டிஸ்க்கையும் அழித்துப் புதிதாகப் போட வேண்டும் என்றார். அந்தப் பெண்ணின் அம்மா நோட்டோடு வந்தார். நான்கு மாதமாக ஒழுங்காக எழுதியிருந்தார். சும்மா இருக்கும்போதைய வித்தியாசம் 11, 12, 12, 11. அன்றைக்குப் போட்டுப் பார்த்தோம். ஐந்தே நிமிடத்தில் 50ஐத் தாண்டியது. பம்ப் சுற்று என்ற இடத்தில் எப்போதும் 2,600 சொச்சம் எழுதியிருந்தார். இப்போது பூஜ்யம். உடனே அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறந்தோம். பம்புக்குப் போகும் ஒயரின் சின்ன பிளக் பாதி வெளியே வந்திருந்தது. முந்தைய வாரம் வீடு ஒட்டடை அடித்தபோது பெட்டியை நகர்த்தியிருக்கிறார்கள். பிளக்கை அழுத்தினோம், 2,600 வந்துவிட்டது. செலவு இல்லை. கடைக்காரர் வேண்டுமென்றே சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் கையில் பழைய கணக்கு இல்லை, அந்த அம்மா கையில் இருந்தது.

எப்போது என்ன செய்வது?

பெட்டியைத் திறக்கும் முன் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்சாரப் பெட்டியை மட்டும் எப்போதும் திறக்கக் கூடாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரேடியேட்டரில் தூசி தட்டுங்கள். சாலையோர பிளாக்கில் இருப்பவர்களும் கீழ்த்தளத்தில் இருப்பவர்களும் இன்னும் சீக்கிரம் செய்ய வேண்டும். மெத்தையான பிரஷ், சின்ன புளோயர் போதும். காற்று அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஓர் ஐஸ்கிரீம் குச்சியால் சுற்றாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளில் ஊசி, ஊக்கு எதையும் விடாதீர்கள். பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் பெட்டி இருந்தால் இடம் மாற்றுங்கள். ஊதுபத்திப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியோடு சேர்ந்தால் பிரஷுக்கு வராது.

ஏ.ஐ.ஓ. வகையில் ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். உள்ளே உள்ள கொஞ்சம் காற்று எப்போதும் உயரமான இடத்தில் போய்த் தங்கும். பம்பே உயரத்தில் இருந்தால் காற்று பம்புக்குள் புகுந்து கொடகொடவென்று சத்தம் வரும், ஆயுளும் குறையும். போட்டவுடன் சில விநாடி சலசலப்பது சகஜம். நாள் முழுக்கக் கேட்டால் அது சகஜமல்ல.

கஸ்டம் லூப் வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது தண்ணீரை மாற்ற வேண்டும். பால்போன்ற, மினுமினுக்கும் கலர் திரவமாக இருந்தால் இன்னும் முன்னதாக. அதிலுள்ள துகள்கள்தான் பள்ளங்களை அடைக்கும். ஊற்ற வேண்டியது தயாரிப்பாளர் சொன்ன கூலன்ட் மட்டுமே. போர்வெல் தண்ணீர் கூடாது. கேன் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும்கூடக் கூடாது, உப்பு குறைந்திருக்குமே தவிர முழுக்கப் போயிருக்காது. இன்வெர்ட்டருக்கு வாங்கும் பேட்டரி தண்ணீரில் உப்பு இல்லை, ஆனால் துருவையும் பாசியையும் தடுக்கும் மருந்தும் இல்லை. தாமிரமும் அலுமினியமும் ஒரே லூப்பில் இருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். பாகம் மாற்றும்போது இரண்டும் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே எடுத்த பழைய திரவத்தைச் செடிக்கு ஊற்றாதீர்கள், திறந்த வாளியிலும் வைக்காதீர்கள். சில கூலன்ட்களில் எத்திலீன் கிளைக்கால் இருக்கும். அது இனிக்கும். நாய், பூனை நக்கினால் உயிருக்கே ஆபத்து. குழந்தைகள் உள்ள வீடுகளில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

கசிந்துவிட்டால்?

குழாய் இணைப்பில் பச்சையாகவோ வெள்ளையாகவோ படிவு தெரிந்தால் அது கசிவின் முதல் அடையாளம். சொட்டுவது தெரிந்தால் ஷட் டவுன் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். சுவர் சுவிட்சை அணையுங்கள். ஆனால் நம்மில் பலர் வீட்டில் யு.பி.எஸ். இருக்கிறது. சுவரில் அணைத்தாலும் அது மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். யு.பி.எஸ்.ஸையும் அணைத்து, பெட்டியின் பின்பக்க ஒயரைப் பிடுங்குங்கள். இந்த வரிசையை ஒரு தாளில் எழுதிப் பெட்டி மேல் ஒட்டிவைப்பது நல்லது. அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர் யாரோ.

சுத்தமான தண்ணீர் மின்சாரம் கடத்தாதே என்று இளைஞர்கள் சொல்வார்கள். நிரப்பிய நாளில் சரி. லூப்பில் சுற்றச் சுற்ற உலோகத் துணுக்கும் உப்பும் சேர்ந்துவிடும், பிறகு கடத்தும். ஒற்றி எடுத்துவிட்டு, டெக்னீஷியனை அழைத்து ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கச் சொல்லுங்கள். இரண்டு நாள் காயவிடுங்கள். ஹேர் டிரையர் சூடு வேண்டாம். காய்ந்துவிட்டதா என்று பார்க்க நடுவில் போட்டுப் பார்க்கவும் வேண்டாம். நனைந்ததால் கெடுவதைவிட, நனைந்தபடியே மின்சாரம் கொடுத்ததால் கெடுவதே அதிகம்.

மூடிய வகைக்கும் ஆயுள் உண்டு. பல கம்பெனிகள் 5 அல்லது 6 ஆண்டு உத்தரவாதம் தருகின்றன. ரப்பர் குழாயின் சுவர் வழியே ஆண்டுதோறும் கொஞ்சம் ஈரம் ஆவியாக வெளியேறும், உள்ளே காற்று கூடும். உத்தரவாதம் முடியும் ஆண்டில் நோட்டிலும் வித்தியாசம் ஏறத் தொடங்கினால், புதிய ஏ.ஐ.ஓ. ஒன்றை மாற்றிவிடுங்கள். மெஷினின் விலையில் அது சிறு பங்கு. வாங்கிய பில்லை நோட்டின் முதல் பக்கத்திலேயே ஒட்டிவைத்தால் தேதி தேட வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. போட்டோக்களையும் முக்கிய ஆவணங்களையும் வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுங்கள். மதர்போர்டு போனால் கடையில் வாங்கலாம். பேரனின் முதல் பிறந்தநாள் வீடியோவை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. நோட்டில் வெப்பம் எழுதும் அதே ஞாயிற்றுக்கிழமை நகலையும் எடுத்துவிட்டால் மறக்காது.

டெக்னீஷியன் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். பம்ப் சுற்று எவ்வளவு காட்டுகிறது? சூடு மெதுவாக ஏறுகிறதா, உடனே எகிறுகிறதா? டிஸ்க்கை அழிக்காமல் செய்ய முடியுமா? நல்ல டெக்னீஷியன் இவற்றைக் கேட்டுச் சந்தோஷப்படுவார், அவருக்கும் பாதி வேலை மிச்சம். பதில் சொல்லாமல் பாகத்தின் விலையை மட்டும் சொல்பவரிடம், ஒரு நாள் யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லுங்கள்.

என்னிடம் உபரியாக இரண்டு தெர்மாமீட்டர்கள் இருக்கின்றன. சங்க அலுவலக அலமாரியில் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு எடுத்துச் செல்லலாம், அடுத்த வாரம் திருப்பி வைத்துவிட வேண்டும். முதல் மாதக் கணக்கை எப்படி எழுதுவது என்று சந்தேகம் இருந்தால், மாலை நடையின்போது நீச்சல் குளத்துப் பக்கம் என்னைப் பார்க்கலாம்.